அடித்தல் திருத்தலையும் காட்டுங்கள்

அரச வமிசச் சுருள்களைக் காத்துவரும் நூலகத்தாருக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. 38 வருஷம் பத்திரம் எழுதியவன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. கிரயம், அடமானம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று எல்லாமே எழுதியிருக்கிறேன். முதலில் கையால், அப்புறம் தட்டச்சில், கடைசிப் பத்து வருஷம் கம்ப்யூட்டரில். இந்த வேலையில் பழகிய கண்ணோடுதான் உங்கள் சுருள்களைப் பார்த்தேன். என் கோரிக்கையும் அந்த வேலையிலிருந்தே வருகிறது.

எங்கள் தொழிலில் கொடிவழி என்று ஒன்று உண்டு. யாருக்கு யார் பிள்ளை, யார் உயிரோடு இருக்கிறார், யார் காலமாகிவிட்டார் என்று மேலிருந்து கீழே கோடு இழுத்துக் காட்டுகிற தாள். பாகப்பிரிவினை வழக்கு கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். சண்டை இல்லாத குடும்பம் கொடிவழி எழுதச் சொல்லி என் கடைக்கு வந்த ஞாபகம் எனக்கு இல்லை. பங்கு என்ற பேச்சு வீட்டுக்குள் வந்த பிறகுதான் தாத்தாவுக்குத் தாத்தா பெயரை எல்லோரும் தேட ஆரம்பிப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தாலும் சும்மா விட முடியாது. இந்தப் பக்கத்தில் இத்தனையாவது வரியில் இந்தச் சொல் அடிக்கப்பட்டது, இந்தச் சொல் சேர்க்கப்பட்டது என்று கீழே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். திருத்தம் ஒன்றுமே இல்லை என்றால், இல்லை என்பதையும் எழுத வேண்டும். நான் தொழில் பழகியபோது என் ஆசான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான். சுத்தமாக எழுதுவதெல்லாம் அதற்கப்புறம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, பழைய தோல்சுருள் ஒன்று ஒரு நூலகத்தில் காட்சிக்கு வைத்திருப்பதாகச் சொல்லி மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டி, மங்கலான விளக்கு. சுருளின் இரண்டு முனையும் உருளையில் சுற்றியிருக்க, நடுவில் இரண்டடி மட்டும் திறந்திருந்தது. வட்டம் வட்டமாகப் பெயர்கள். ராஜா என்றால் வட்டத்துக்கு மேலே ஒரு கிரீடம். சிவப்பிலும் பச்சையிலும் கோடுகள். பார்த்த மாத்திரத்தில், இது கொடிவழியாயிற்றே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நான் பார்த்த அந்த இரண்டடியில் ஒரு வட்டம் மட்டும் மற்றவை மாதிரி இல்லை. தோல் அங்கே சுரண்டப்பட்டு, மேல்பரப்பு நைந்த துணி போல லேசாகச் சிலிர்த்திருந்தது. அதன்மேல் எழுதிய மை கொஞ்சம் கசிந்திருந்தது, மற்ற எழுத்துகளைவிடக் கருப்பாகவும் இருந்தது. பக்கத்திலிருந்த விளக்க அட்டையில் நாலே வரி: இங்கிலாந்து அரசர்களின் குடும்ப மரம், பதினைந்தாம் நூற்றாண்டு, ஆட்டுத்தோல், இவ்வளவு நீளம். சுரண்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலே யார், கீழே யார் என்று பார்க்க முடியுமா என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். தோல் கெட்டுவிடும், பிரிக்கக் கூடாது என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்பியும் அந்த வட்டம் மனதை விட்டுப் போகவில்லை. அதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். மகள் படித்துச் சொன்னாள், பேரன் படங்களைத் தேடிக் கொடுத்தான். தெரிந்துகொண்டதில் கொஞ்சத்தை இங்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இருக்காது. ஆனால் அட்டையில் நீங்கள் எழுதாமல் விட்டது எது என்று ஒரு பத்திரக்காரன் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டுமே.

இந்த வடிவத்துக்கு வழிகாட்டியாகச் சொல்லப்படுகிறவர் 1205-இல் காலமான பீட்டர் என்ற பிரெஞ்சு மதகுரு. பாரிஸ் நோத்ரதாம் பேராலயப் பள்ளிகளின் பொறுப்பில் இருந்தவர். விவிலிய வரலாற்றை ஆதாமிலிருந்து கிறிஸ்து வரைக்கும் வட்டமும் கோடுமாக வரைந்து, ஏழை மாணவர்கள் பார்த்து மனப்பாடம் செய்வதற்காகத் தோலில் எழுதிப் பள்ளிச் சுவரில் தொங்கவிட்டார் என்று அவருக்குச் சற்றுப் பிற்பட்ட காலத்துக் குறிப்பு சொல்கிறது. புத்தகம் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்காகப் பிறந்த வடிவம் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பாதியில், முதலாம் எட்வர்ட் காலத்தில், அதே வடிவம் இங்கிலாந்து அரசர்களுக்கு வந்துசேர்ந்தது. பல சுருள்களின் தலைப்பில் ஒரு பெரிய சக்கரம் இருக்கும். பழைய ஏழு ராஜ்யங்களைக் காட்டுவது அது. அதற்குக் கீழே அரசர்கள் வட்ட வட்டமாக இறங்குவார்கள். மொழி லத்தீனாக இருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த நாட்டுப் பிரபுக்கள் வீட்டில் பேசிய பிரெஞ்சிலேயே நிறைய எழுதியிருக்கிறார்கள். படித்த துறவிகளுக்கு மட்டுமில்லாமல் பிரபு வீட்டுக் கூடத்தில் விரித்துப் பார்ப்பதற்கும் எழுதியது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

செய்முறையும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ பதப்படுத்தி, துண்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாகத் தைப்பார்கள் அல்லது ஒட்டுவார்கள். வட்டத்துக்குக் காம்பஸ். மை எதில் என்று கேட்டால், மாசிக்காய் போன்ற ஓக் மரக் காய்ப்பும் அன்னபேதியும் பிசினும். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு உரைமருந்து உரைக்கிற அதே மாசிக்காய், நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற அதே அன்னபேதி! அந்த மை தோலுக்குள் இறங்கிவிடும். துடைத்தால் போகாது, கத்தியால் சுரண்டத்தான் வேண்டும். சுரண்டினால் தடம் விழாமல் இருக்காது. நான் பார்த்த வட்டத்தில் இருந்தது அந்தத் தடம்தான்.

இங்கிலீஷில் வமிசாவளிக்குச் சொல்கிற பெடிக்ரீ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று மகள் ஒருநாள் படித்துச் சொன்னாள். பழைய பிரெஞ்சில் அதற்குக் கொக்கின் கால் என்று பொருளாம். ஒரு வட்டத்திலிருந்து மூன்று பிள்ளைகளுக்குப் பிரிகிற கோடு கொக்குப் பாதம் போல இருப்பதால் வந்த பெயர். அவர்கள் கண்ணுக்குக் கொக்குக் கால், எங்கள் கண்ணுக்குக் கொடி. நான் அன்றிலிருந்து இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

சுருளின் தலையில் இருக்கிற பெயர்களைப் பார்த்து இன்றைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். ஆதாம், நோவா, டிராய் நகரத்திலிருந்து கப்பலேறி வந்து பிரிட்டனுக்கு முதல் ராஜா ஆனதாகக் கதை சொல்கிற புரூட்டஸ். ஆல்பிரட் ராஜாவின் தகப்பனார் வமிசத்தை எழுதிய பழைய நாளாகமம், நோவாவின் பேழைக்குள்ளேயே அவருக்கு இன்னொரு மகன் பிறந்ததாகச் சொல்லி, அந்த மகனிலிருந்து கோடு இழுத்துவருகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாய்ப்பத்திரம் இல்லாமல் நிலம் விற்க வந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! உரிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஏதாவது ஒரு தொடக்கம் காட்டியாக வேண்டும். எங்கள் ஊரிலும் அதேதான். முதலாம் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடு கொண்டது. அதில் சோழர் வமிசம் சூரியனிலிருந்து ஆரம்பிக்கிறது. அத்தனை தலைமுறையும் சொல்லி அந்த ஏடு வந்துசேர்கிற இடம், பழையனூர் என்ற கிராமத்தைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி. பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்தி அளந்து கொடுக்கிற வழக்கத்தையெல்லாம் அந்தக் காலத்துச் செப்பேடுகளில் படிக்கலாம். முழுக்க முழுக்க ஒரு தானப் பத்திரம் அது. முன்னால் வமிசம், பின்னால் சொத்து விவரம்.

புரூட்டஸ் கதையும் சும்மா பெருமைக்கு எழுதியது அல்ல. ஸ்காட்லாந்தின் குழந்தை ராணி 1290-இல் இறந்தபோது அந்தச் சிம்மாசனத்துக்குப் பலர் உரிமை கேட்டார்கள். பஞ்சாயத்துக்கு வந்த முதலாம் எட்வர்ட், தானே அந்த நாட்டுக்கு மேலதிகாரி என்று நிறுவுவதற்காக 1291-இல் மடங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிப் பழைய ஏடுகளைப் புரட்டிச் சான்று எடுத்துத் தரச் சொன்னார். 1301-இல் போப்புக்கு எழுதிய கடிதத்தில், புரூட்டஸுக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்கு இங்கிலாந்து, இளையவர்களுக்கு ஸ்காட்லாந்தும் வேல்ஸும், ஆகவே மூத்தவன் வழிக்கு மற்றவர்கள் கீழ்ப்பட்டவர்கள் என்று வாதாடினார். சுத்தமான பாகப்பிரிவினை வாதம். ஸ்காட்லாந்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் மூதாதை எகிப்து மன்னன் மகள் ஸ்கோட்டா என்றார்கள். 1320-இல் போப்புக்கு அவர்கள் எழுதிய கடிதத்தில், அந்நியர் ஒருவர்கூட இடையில் வராமல் எங்கள் மண்ணில் 113 அரசர்கள் ஆண்டிருக்கிறார்கள் என்று கணக்கே கொடுத்தார்கள். அந்தக் காலத்துச் சுருளின் தலையில் புரூட்டஸ் பெயர் இருந்தால், எல்லை வழக்கு ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய பெயர் அது. அட்டையில் இதை ஒரே வரியில் சொல்லலாம். புராணக் கதை என்று எழுதிவிட்டுப் போவதால் வருகிறவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமாகத் தெரிந்த வழக்குக்கு வருகிறேன். இங்கிலாந்து அரச குடும்பத்தின் இரண்டு கிளைகளான லான்காஸ்டருக்கும் யார்க்குக்கும் நடந்த பங்காளிச் சண்டை. உங்களிடம் இருக்கிற பதினைந்தாம் நூற்றாண்டுச் சுருள்களில் நிறைய இந்தச் சண்டையைச் சுற்றி எழுந்தவை.

1377-இல் இறந்த மூன்றாம் எட்வர்டுக்குப் பல பிள்ளைகள். மூத்தவர் தகப்பனாருக்கு முன்பே போய்விட்டார். அவர் மகன் இரண்டாம் ரிச்சர்ட் பட்டத்துக்கு வந்தார். 1399-இல் அவரை இறக்கிவிட்டுச் சித்தப்பா மகன், லான்காஸ்டர் கிளையின் நான்காம் ஹென்றி ஏறிக்கொண்டார். அதற்கு ஒரு கொடிவழி தேவைப்பட்டது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னால் வாழ்ந்த எட்மண்ட்தான் உண்மையில் மூத்த பிள்ளை, உடல் ஊனம் காரணமாக அவரை ஒதுக்கித் தம்பி முதலாம் எட்வர்டுக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள், எட்மண்ட் வழியில் வந்தவன் நான் என்று ஒரு கதை கிளம்பியது. ஏடுகளைக் கொண்டுவரச் செய்து அறிஞர்கள் குழு ஒன்று சரிபார்த்தது. எட்வர்ட் 1239-இல் பிறந்தவர், எட்மண்ட் 1245-இல் பிறந்தவர் என்பது எல்லா நாளாகமத்திலும் தெளிவாக இருந்ததால் கதை நிற்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த ஆடம் என்ற சட்ட அறிஞரே இதை எழுதிவைத்திருக்கிறார். போலி வாரிசு ஆவணத்தைப் பழைய பதிவேட்டை வைத்துத் தள்ளிய அவர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அறுபத்தொரு வருஷம் கழித்து, 1460 அக்டோபரில், யார்க் பிரபு ரிச்சர்ட் பட்டம் தனக்கே சேரும் என்று நாடாளுமன்றத்தில் தன் கொடிவழியைக் கொடுத்தார். லான்காஸ்டர் குடும்பம் மூன்றாம் எட்வர்டின் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்களில் மூன்றாமவர் வழி. யார்க் பிரபு தகப்பன் வழியில் நான்காமவருக்குப் பேரன். ஆனால் தாய் வழியில் இரண்டாமவர் லயனல் வமிசம். லயனலுக்கு ஒரே மகள், பிலிப்பா. பிலிப்பாவின் மகன் ரோஜர் மார்ட்டிமர், ரோஜரின் மகள் ஆன், ஆனின் மகன் இந்த ரிச்சர்ட். இரண்டு பெண்கள் வழியாக வந்த பாத்தியம். இத்தனை நாள் ஏன் இந்த உரிமையைக் கேட்கவில்லை, ஏன் லயனல் வழிச் சின்னத்தைக் கேடயத்தில் போட்டுக்கொள்ளவில்லை என்று பிரபுக்கள் கேட்டார்கள். நியாயம் கொஞ்ச காலம் பேசாமல் கிடக்கலாம், அதனால் அது மக்கிப்போகாது, அழிந்தும் போகாது என்பது அவருடைய பதிலின் சாரம். இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 60 வருஷம் அனுபவத்தில் இருந்துவிட்டோம், இனி யாரும் கேட்க முடியாது என்று ஒரு கட்சி சொல்ல, பட்டா உன் பேரில் இருந்தால் மட்டும் நிலம் உனதாகிவிடுமா என்று எதிர்க்கட்சி கேட்பதை எத்தனை முறை எங்கள் ஊர்க் கோர்ட் வாசலில் கேட்டிருக்கிறேன்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே லான்காஸ்டர் அரசர்கள் பிரான்சுக்கும் சேர்த்து ராஜா என்று சொல்லிக்கொண்டவர்கள். அந்த உரிமை மூன்றாம் எட்வர்டின் தாயார் இசபெல்லா வழியாக வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பெண் வழி செல்லும், இந்தப் பக்கம் பெண் வழி செல்லாது என்று ஒரே குடும்பம் இரண்டு கொடிவழி வைத்திருந்தது.

1992-இல் ஒரு குடும்பம் பாகப்பிரிவினை எழுத வந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர். கொடுத்த தாளில் மூன்று பெயர். பெண்பிள்ளை இல்லையா என்று கேட்டேன். பெரியவர் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு, இல்லை என்றார். சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்தில் அவர்களுடைய தாயார் தனியாக வந்தார். முந்தானையில் முடிந்துவைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூடச் சான்றிதழ், ஒரு பெண்ணின் பெயர். மூத்தவ இருக்கா தம்பி, அவ பேரையும் எழுது என்றார். அந்தப் பெண் பெற்றோர் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொள்ளாமல் வீட்டை விட்டுப் போனவர். கல்யாணம் நடந்தது 1990-இல். 1989 மார்ச்சில் தமிழ்நாட்டில் வந்த சட்டத்திருத்தப்படி, அதற்குப் பிறகு கல்யாணமான பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. நான் எழுதினேன். பிள்ளைகள் கோபித்துக்கொண்டு வேறு எழுத்தரிடம் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயர் அங்கே எழுதப்பட்டதா இல்லையா என்பது எனக்குத் தெரியவே இல்லை. சுருளில் பிலிப்பாவின் வட்டத்தைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் முந்தானை முடிச்சுதான் ஞாபகம் வருகிறது. சில சுருள்களில் பெண்களின் வட்டம் வெறும் முட்டுச்சந்து. கோடு அதோடு நின்றுபோகும். யார்க் பக்கத்துச் சுருள்களிலோ அதே பெண் வழியாகத்தான் ராஜ்யமே இறங்கிவருகிறது. ஒரு கோடு போடுவதா வேண்டாமா என்பதற்காக எத்தனை உயிர் போயிற்று. யார்க் பிரபுவே 1460 டிசம்பர் 30-ஆம் தேதி வேக்ஃபீல்டில் கொல்லப்பட்டார். அவர் மகன் நான்காம் எட்வர்ட் 1461-இல் முடிசூடினார்.

நான்காம் எட்வர்டுக்கு எழுதிய சுருள்களில் இரண்டை மறக்க முடியாது. ஒன்று பிலடெல்ஃபியா பொது நூலகத்தில் இருப்பது. பதினைந்து அடிக்கு மேல் நீளம். உச்சியில் அரசர் கவசம் பூண்டு குதிரைமேல் வருகிறார், கீழே முழுக்கச் சின்னங்களும் வட்டங்களும். இன்னொன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 7353 என்ற எண்ணில் இருப்பது. அதில் வமிசம் நிஜமாகவே மரமாக வளர்கிறது. ஒவ்வொரு ராஜாவும் ஒரு கிளையில். நான்காம் ஹென்றி கையில் கத்தியோடு இரண்டாம் ரிச்சர்டின் கிளையை வெட்டுகிறார். சொல்ல வந்ததை இதைவிடக் கூர்மையாக ஓவியன் எப்படிச் சொல்ல முடியும்! கொடிவழியை வெட்டிவிட்டு ஏறியவன் என்று படமே குற்றம் சாட்டுகிறது.

இவற்றையெல்லாம் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. நான்காம் ஹென்றியின் பேரன், பிள்ளைப் பருவத்து ஆறாம் ஹென்றி பிரான்சுக்கும் ராஜா என்று காட்ட, அவருடைய சித்தப்பா பெட்ஃபோர்ட் பிரபு 1423-இல் ஒரு வமிசப் படத்தையும் கவிதையையும் நோத்ரதாம் பேராலயத்தில் தொங்கவிடச் செய்தார். ரெய்ம்ஸ் ஊர்க் குரு ஒருவர் அதைச் சேதப்படுத்திவிட்டார். தண்டனையாக இரண்டு பிரதி செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. சுவரில் தொங்கிய ஒரு கொடிவழி ஒரு குருவை அந்த அளவுக்குச் சுட்டிருக்கிறது. 1445-இல் அதே ஹென்றிக்கு மனைவியாக வந்த மார்கரெட்டுக்கு டால்பட் பிரபு பரிசளித்த புத்தகத்திலும், பிரெஞ்சு அரசர்களின் லில்லிப்பூ வடிவத்திலேயே இரண்டு நாட்டு வமிசமும் கடைசியில் ஹென்றியில் வந்து சேர்கிற மாதிரி வரைந்திருக்கிறது. அழகான படம். ஆனால் எட்டே வருஷத்தில், 1453-இல், பிரான்சில் கலே என்ற துறைமுக ஊர் ஒன்றைத் தவிர எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது.

இப்போது அந்தச் சுரண்டிய வட்டத்துக்கு வருகிறேன். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஒரு சுருள் இருக்கிறது. 1918-இல் அந்த ஊர்க் குடும்பம் ஒன்றிடமிருந்து வாங்கியது. ஏறக்குறைய 5 மீட்டர். நோவாவில் ஆரம்பிக்கிறது. முதலில் எழுதியவர் லான்காஸ்டர் பக்கத்து ஆள். பிறகு அதே தோல் யார்க் பக்கத்துக் கைக்குப் போயிருக்கிறது. அவர்கள் புதுச் சுருள் எழுதாமல் அதையே திருத்தி, கோடு சேர்த்து, நான்காம் எட்வர்டுக்குப் பட்டம் வந்துசேருகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். எதிர்க்கட்சியின் ஆவணத்தையே தனக்குச் சாதகமாகத் திருத்திக்கொண்ட வேலை! அந்தப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து சுருள் முழுவதையும் படமெடுத்து, லத்தீன் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தக் கை எதை எழுதியது என்று பிரித்துப் பார்க்க உழைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளியில் படமெடுக்க நாட்டிங்காமிலிருந்து அறிவியலாளர்கள் போயிருக்கிறார்கள். தஞ்சாவூரில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேரனின் லேப்டாப்பில் அந்தச் சுருளை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு மத்தியானம் முழுவதும் பார்த்தேன். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. உங்களில் மற்றவர்களும் இதைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஜான் ரவுஸ் என்ற குருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வார்விக் பிரபுக்களின் வமிசத்தைப் படத்தோடு இரண்டு சுருளாக எழுதியவர். ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று லத்தீனில். மூன்றாம் ரிச்சர்ட் ஆண்டபோது அவரை நல்லரசர் என்று வாயாரப் புகழ்ந்து எழுதினார். 1485 ஆகஸ்டில் ரிச்சர்ட் போரில் விழுந்து ஏழாம் ஹென்றி வந்ததும், தன் கைவசம் இருந்த லத்தீன் சுருளைத் திருத்திப் புகழை எடுத்துவிட்டார். ஆங்கிலச் சுருள் அவர் கையில் இல்லை போலும், அது அப்படியே இருக்கிறது. அதன்பின் எழுதிய வரலாற்றில், ரிச்சர்ட் தாய் வயிற்றில் இரண்டு வருஷம் கிடந்து பல்லும் தோள்வரை முடியுமாகப் பிறந்தவர் என்றுகூட எழுதினார். இன்றைக்கு ஆங்கிலச் சுருள் பிரிட்டிஷ் நூலகத்தில், லத்தீன் சுருள் லண்டனிலேயே சின்னங்களைப் பதிவுசெய்கிற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால், அந்த மனிதரின் பயமும் கண்ணெதிரே தெரியும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆட்சி மாறிய ஊரில் எழுத்தர் வேலை எவ்வளவு கஷ்டம் என்பது எழுத்தருக்குத் தெரியும்.

ஆகவே என் கோரிக்கை. சுருளை முழு நீளத்துக்கும் காட்டுங்கள். தோலைப் பிரிக்க முடியாது என்றால் அதே அளவில் நகல் எடுத்து, பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மேலிருந்து கீழாகத் தொங்கவிடுங்கள். பீட்டர் பள்ளிச்சுவரில் செய்தது அதுதானே. இன்னொரு நகலை மேசைமேல் வையுங்கள், பிள்ளைகள் கையால் சுற்றிப் பிரித்துப் பார்க்கட்டும். ஒரு கையால் மேலே சுற்றி மறு கையால் கீழே விரிக்கும்போதுதான், தாத்தா உருளைக்குள் மறைந்து பேரன் வெளியே வருகிறான். திரையில் இது கிடைக்காது. துண்டும் துண்டும் ஒட்டிய இடங்களையும் காட்டுங்கள். கோடு ஒட்டிய இடத்தைத் தாண்டி நேராக இறங்குகிறதா, பிசகியிருக்கிறதா என்று பார்த்தால், இடையில் யாராவது தோலை மாற்றினார்களா என்று சந்தேகப்படவாவது முடியும். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் காட்டுங்கள். அடியில் வெற்றிடம் இருந்தால் அதையும்தான். அடுத்த ராஜாவுக்கு விட்டுவைத்த இடம் அது. பல சுருள்களில் பின்னால் வந்தவர்கள் வேறு மையில், வேறு எழுத்தில் அதை நிரப்பியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அட்டையின் கடைசியில் எங்கள் பத்திரத்தில் எழுதுவது போல எழுதுங்கள். எந்த வட்டத்தில் சுரண்டல் இருக்கிறது, எங்கே பெயர் மாறியிருக்கிறது, எந்தக் கோடு பின்னால் சேர்ந்தது, முதல் கை எது, இரண்டாம் கை எது. தெரிந்தவரைக்கும் போதும். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதினால் அதுவும் நல்ல பதிவுதான். திருத்தமே இல்லாத சுருள் என்றால் திருத்தம் இல்லை என்று எழுதுங்கள். குடும்ப மரம் என்று மட்டும் எழுதிவைத்தால், வருகிற பிள்ளை அதை அரசாங்கச் சான்றிதழ் மாதிரி நம்பிக்கொண்டு போய்விடும். யார் கேட்டதற்காக, எந்த வழக்குக்காக எழுதியது என்ற இரண்டு விவரமும் அட்டையின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

வரும் ஜூனில் மகள் வீட்டுக்கு மறுபடி வருகிறேன். அந்த நூலகத்துக்கும் போவேன். கருத்த மையில் திருத்திய அந்த வட்டத்துக்கு மேலே யார் இருக்கிறார், அதற்கு முன் அங்கே யார் பெயர் இருந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பக்கம் 3, 'கோவில்' என்ற சொல் அடிக்கப்பட்டு 'பேராலயம்' என்று சேர்க்கப்பட்டது. வேறு அடித்தல் திருத்தல் இல்லை.